எண்ணுக்குள் எதை வைப்பது? பேட்டைப் பழம்பொருள்களுக்கு எண் போடும் முறைகள், ஓர் ஒப்பீடு

பெரிய மியூசியத்தில் எண் போடும் முறை ஏற்கெனவே இருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர் அதைக் கற்றுக்கொண்டால் போதும். சின்ன இடங்களுக்குத்தான் சிக்கல். ராயபுரத்தில் நான் அவ்வப்போது உதவிக்குப் போகும் ஒரு படிப்பகம், மாடி அறையைக் காலி செய்து பேட்டையின் பழம்பொருள்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. வருவதெல்லாம் மில் டோக்கன், சங்கச் சந்தா ரசீது, குத்துச்சண்டைக் கையுறை, கேரம் போர்டு, பருத்தி வலை, கல்யாண போட்டோ. ஐம்பொன் சிலை, ஓலைச்சுவடி எதுவும் கிடையாது. ஆனால் இந்த மாதிரிச் சேகரிப்புக்குத்தான் எண் அதிகம் தேவை. சோழர் காலச் சிலை ஒன்றின் எண் தொலைந்தாலும் அது சோழர் காலச் சிலையாகவே இருக்கும். யாருடையது என்று தெரியாத பழைய கையுறை வெறும் பழைய கையுறை, அவ்வளவுதான்.

எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்று. எண் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும், அதைப் பொருளின் மேல் எப்படிப் போடுவது, விவரத்தை எதில் எழுதி வைப்பது. கூட்டம் போட்டுப் பேசும்போது மூன்றும் கலந்துவிடும். “க்யூஆர் ஒட்டிடலாம்” என்பார் ஒருவர். “பெரிய நோட்டு ஒண்ணு போட்டா போதும்” என்பார் இன்னொருவர். இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வகைக் குறியீடு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். குத்துச்சண்டைக்கு ‘கு’, மீன்பிடிக்கு ‘மீ’, தொழிற்சங்கத்துக்கு ‘தொ’. கு-1, கு-2 என்று போய்க்கொண்டே இருக்கலாம். படிப்பகத்தில் இதை விடாமல் ஆதரித்தவர் ரயில்வே ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். “எங்க ஸ்டோர்ல அப்படித்தான் தம்பி. போல்ட்டுக்கு ஒரு கோடு, பேரிங்குக்கு ஒரு கோடு. கோடைப் பாத்தாலே எந்த ரேக்குன்னு தெரிஞ்சிடும்” என்றார்.

ஸ்டோருக்கு அது சரி. அங்கே ஒரே அளவு போல்ட் ஆயிரம் இருக்கும், எதை எடுத்துக் கொடுத்தாலும் ஒன்றுதான். அங்கே குறியீடு காட்டுவது வகையை. மியூசியத்தில் எண் காட்ட வேண்டியது அந்த ஒரே ஒரு பொருளை. அதோடு, வகை என்பது பொருளிலேயே ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதைப் பார்த்து நாம் சொல்வது. நாம் சொல்வது மாறும். காசிமேட்டிலிருந்து ஒரு இரும்புக் கொக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்த இடத்தைப் பார்த்து ‘மீ-14’ என்று போட்டாயிற்று. அடுத்த மாதம் துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் வந்து, கைப்பிடியை ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, “இது மூட்டைக் கொக்கிப்பா” என்கிறார். இப்போது எண்ணை மாற்ற வேண்டும். மாற்றினால் ரிஜிஸ்டரில், போட்டோவில், டேக்கில், பெட்டியில், காட்சி அட்டையில் என்று எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் ஒரே கொக்கிக்கு இரண்டு எண் ஆகிவிடும். மில் தொழிலாளர் சங்கம் நடத்திய குத்துச்சண்டைப் போட்டியின் கோப்பை ‘கு’வா ‘தொ’வா என்ற சண்டையை இதில் நான் சேர்க்கவே இல்லை.

வகை பிரிப்பது தேவைதான். வட அமெரிக்க மியூசியங்களில் பரவலாகப் புழங்கும் நோமென்கிளேச்சர் என்ற வகைப்பாடு, ஒரு பொருள் முதலில் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதை வைத்துப் பிரிக்கிறது. கோப்பை யாருடைய அலமாரியில் இருந்தது என்பதைவிட அது எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். நல்ல முறை. ஆனால் அது ரிஜிஸ்டரில் ஒரு கட்டத்தில் இருக்கட்டும். கட்டத்தில் இருப்பதை அடித்துவிட்டு மாற்றி எழுதலாம்.

தொடர் எண்ணும் ஆண்டு எண்ணும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவேதான்.

தொடர் எண் என்பது 1, 2, 3. இதைவிட எளிய முறை கிடையாது. எழுதுவதில் தப்பு வர வழி குறைவு. சின்னப் பொருளிலும் இடம் பிடிக்காது. நடுவில் ஒன்று காணாமல் போனால் கணக்கெடுக்கும்போது உடனே தெரியும். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இந்த எளிமைக்கு மதிப்பு உண்டு. கல்லூரி விடுமுறையில் வரும் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இதற்குக் குறை ஒன்றே ஒன்று. ஆனால் எங்களைப் போன்ற சேகரிப்புக்கு அது பெரிய குறை. பெரம்பூர் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு தகரப் பெட்டி வருகிறது. பின்னி மில்லில் வேலை பார்த்தவருடையது. உள்ளே டோக்கன், சம்பளக் கவர்கள், சங்க ரசீதுகள், மில் காக்கித் துணியில் ஒரு துண்டு, 1996இல் மில் மூடிய காலத்து நோட்டீஸ்கள், குடும்ப போட்டோ. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது என்று பாடப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் ஒரு குடும்பம் அந்தச் சங்கத்தோடும் மில்லோடும் எப்படி வாழ்ந்தது என்பது அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அதுவும் பெட்டி மொத்தமாக இருக்கும்வரை. தொடர் எண் போட்டால் பெட்டி 231 முதல் 268 வரை ஆகும். 230 யாருடையது, 269 யாருடையது, எங்கே கோடு கிழிப்பது என்பதெல்லாம் ரிஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். ரிஜிஸ்டர் கையில் இல்லாதபோது ரசீதையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் இரண்டும் ஒரே வீட்டுப் பொருள் என்று சொல்ல வழியில்லை.

மூன்று பகுதி எண் இங்கேதான் கைகொடுக்கிறது. அமெரிக்க மியூசியங்களில் பழகிய முறை: ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 2025.4.17 என்றால் 2025இல் நான்காவதாக வந்த தொகுப்பின் பதினேழாவது பொருள். 2025.4 என்று தொடங்குபவை எல்லாம் ஒரே பெட்டி. ரசீது ஒரு கவரிலும் காக்கித் துணி வேறொரு அலமாரியிலும் இருந்தாலும், எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று தெரியும். ரிஜிஸ்டரைத் திறக்கவே வேண்டாம்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் இதையே வேறு மாதிரி எழுதுகிறது. அங்கே இருக்கும் அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களின் எண்கள் 1880,0709 என்று தொடங்கும். 1880ஆம் ஆண்டு ஜூலை 9 என்ற தேதி, பிறகு ஒரு புள்ளி, பிறகு வரிசை எண். லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தை மூடிய பிறகு அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு மாறி வந்தவை அவை. அந்தச் சிற்பங்களைப் பற்றி இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எந்தக் கல் எந்தக் காலத்தது, ஸ்தூபியில் எங்கே இருந்தது என்ற கருத்தெல்லாம் மாறியிருக்கிறது. எண் மாறவில்லை. மாற வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அந்த எண் சிற்பத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அது எப்போது உள்ளே வந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

என் முடிவும் இதை ஒட்டித்தான். எண்ணுக்குள் இனி எப்போதும் மாறாத ஒரு விஷயம் மட்டும் இருக்கலாம். வகை மாறும், பெயர் மாறும், வைத்திருக்கும் ரேக் மாறும், பொருளின் வயதைப் பற்றிய கணக்கு மாறும். அது எந்த வரவோடு வந்தது என்பது மட்டும் நடந்து முடிந்த விஷயம். ஊரறிந்த எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தவர். பிறகு பல பத்தாண்டுகள் தென்னிந்தியா முழுக்கச் சுற்றிச் சேர்த்த அவருடைய தொகுப்பு 1904இல் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. அவர் இறந்த பிறகு அதன் அட்டவணை அச்சாகி வந்தது. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்ற விவரம் கூடவே இருப்பதால்தான் அது தொகுப்பு. அந்த விவரத்தைப் பிரித்துவிட்டால் கையில் மிஞ்சுவது கூர்மையான கற்கள்.

மூன்று பகுதி எண்ணுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமானது ஒன்று உண்டு. எண் நீளம். டோக்கன் மாதிரிச் சின்னப் பொருளில் எழுத இடம் இருக்காது. அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். இன்னொரு குழப்பம்: 2025 என்று பார்த்தவுடன் பொருளின் வயது என்று பார்வையாளர் நினைப்பார்கள். காட்சி அட்டையில் எண்ணைக் கீழே சின்ன எழுத்தில் போட்டால் இது தீரும். படிப்பகத்திலேயே பல வருடமாகக் கிடந்த, யார் கொடுத்தது என்று தெரியாத பொருள்களுக்கு வந்த ஆண்டை ஊகிக்க வேண்டாம். பதிவு செய்யும் ஆண்டையே போட்டு, அவை எல்லாவற்றையும் ஒரே வரவாக வைத்து, ‘ஏற்கெனவே இருந்தவை’ என்று ரிஜிஸ்டரில் எழுதினால் போதும்.

ஆண்டும் வரிசை எண்ணும் மட்டும் உள்ள இரண்டு பகுதி முறையும் உண்டு. வரவு ஒவ்வொன்றும் ஓரிரு பொருளாக வரும் இடத்துக்கு அது பொருந்தும். பெட்டி பெட்டியாக வரும் எங்களுக்குப் பொருந்தாது.

புள்ளியா, கோடா, பூஜ்யமா

சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் பிற்பாடு அதிகம் படுத்துவது இதுதான். எக்செலில் 2025.10 என்று தட்டினால் அது வெறும் எண் என்று எடுத்துக்கொண்டு 2025.1 ஆக்கிவிடும். பத்தாவது வரவு முதல் வரவோடு போய்ச் சேர்ந்துவிடும். 2025-4-17 என்று தட்டினால் ஏப்ரல் 17 என்று தேதியாக்கிவிடும். சாய்கோடு போட்டாலும் அதே கதைதான். அதோடு விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடு வராது, போட்டோவுக்கு அதே எண்ணைப் பெயராக வைக்க முடியாது. வரிசைப்படுத்தும்போது இன்னொரு தொல்லை: 2025.4.17, 2025.4.2க்கு முன்னால் வந்து நிற்கும்.

எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தும், நடுவில் நிரப்புப் பூஜ்யமும் வைத்தால் எல்லாம் ஒரே அடியில் தீர்கிறது. ப2025.04.017. முன்னால் எழுத்து இருப்பதால் எக்செல் அதைத் தேதியாக்காது, எண்ணாக்காது. பூஜ்யம் இருப்பதால் வரிசை குலையாது. அந்த எழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: பொருள் வேறொரு கண்காட்சிக்கு இரவல் போனால் எந்த இடத்து எண் என்று தெரியும். எத்தனை பூஜ்யம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். ஒரே வரவில் ஆயிரம் பொருள் வராது என்று நம்பினால் மூன்று இலக்கம் போதும்.

ஜோடியும் தொகுதியும் அடுத்த தலைவலி. இரண்டு கையுறைக்கு ஒரே எண், பின்னால் அ, ஆ. கேரம் காய்கள் பத்தொன்பதுக்கும் ஸ்டிரைக்கருக்கும் இருபது எண் போடத் தேவையில்லை. ஒரே எண், ‘வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1, ஸ்டிரைக்கர் 1’ என்ற எண்ணிக்கை ரிஜிஸ்டரில். ஒன்று குறைந்தால் தெரிய வேண்டும், அதுதான் நோக்கம். கட்டுமரம் வந்தால் மட்டும் கவனம் வேண்டும். அது கயிற்றால் கட்டிய தனித்தனி மரங்கள். கட்டை அவிழ்த்தால் எந்த மரம் எந்தப் பக்கம் என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும். அவிழ்ப்பதற்கு முன் ஒரு படம் வரைந்து, இடமிருந்து வலமாக அ, ஆ, இ என்று ஒவ்வொரு மரத்திலும் டேக் கட்டி, அப்புறம்தான் கயிற்றில் கை வைக்க வேண்டும்.

பொருளில் ஏற்கெனவே இருக்கும் எண்களை அழிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டோக்கனில் தொழிலாளியின் எண் குத்தியிருக்கும். ரசீதில் வரிசை எண், கோப்பையில் கடைக்காரர் கீறிய எண், போட்டோவின் பின்னால் ஸ்டுடியோ நெகட்டிவ் எண். இவையெல்லாம் பொருளின் பகுதி. ரிஜிஸ்டரில் ‘பொறிப்பு’ என்ற கட்டத்தில் அப்படியே எழுதிவிட்டு, நம் எண் அதோடு குழம்பாதபடி வேறு இடத்தில் போட வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் போன்றவை எப்போதாவது வந்துவிட்டால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியிருக்கும். அப்போது கிடைக்கும் பதிவு எண்ணும் இன்னொரு கட்டம்தான், நம் எண்ணுக்கு மாற்று அல்ல.

பொருளின் மேல் எண்

மியூசியக் குறியீட்டுக்கு உள்ள நிபந்தனை கொஞ்சம் முரணானது. தானாக அழியக் கூடாது, நாம் நினைத்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் அழிக்க முடிய வேண்டும். வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த சேராங்கொட்டைக் குறி முதல் நிபந்தனையில் நூற்றுக்கு நூறு வாங்கும். சலவைத் தொழிலாளி துணியின் ஓரத்தில் போடும் அந்தக் கறுப்புப் புள்ளியும் கோடும் எத்தனை வெளுப்புக்கும் போகாது. துணி கிழிந்தாலும் குறி இருக்கும். வெளுக்க வந்த துணிக்கு அது வேண்டும். மியூசியத் துணிக்கு அது நிரந்தரக் கறை. மார்க்கர் பேனாவுக்கும் இதே தீர்ப்புதான்.

உலோகம், பீங்கான், கண்ணாடி, கல் போன்ற இறுகிய பொருள்களுக்கு உலகம் முழுக்க ஏற்கப்பட்ட முறை பாராலாய்ட் பி-72. குருணையாக வரும் அக்ரிலிக் பிசின். அசிட்டோனில் கரைத்து, பொருளில் மறைவான ஓர் இடத்தில் விரல் நகம் அகலத்துக்குச் சின்னப் பட்டையாகத் தடவி, காய்ந்ததும் அதன் மேல் நிறமித் துகள் மையால் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் எண்ணை எழுத வேண்டும். மை பொருளைத் தொடாது, பட்டையின் மேல்தான் நிற்கும். பிறகு மேலே இன்னொரு பூச்சு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேல்பூச்சையும் அசிட்டோனிலேயே கரைத்துத் தடவினால் கீழே இருக்கும் பட்டையும் இளகி, தூரிகையோடு எண் இழுபட்டுப் போகும். அதனால் மேலே பாராலாய்ட் பி-67, டர்பன்டைன் வகைக் கரைப்பானில். பின்னால் வேண்டாம் என்றால் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் பொருள் பழையபடி ஆகிவிடும்.

சென்னைக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. பி-72 இளக ஆரம்பிப்பது சுமார் 40 டிகிரியில். அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் மாடி அறை அதைச் சாதாரணமாகத் தொடும். எண் ஓடிவிடாது, ஆனால் பட்டை பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், சுற்றியிருக்கும் காகிதத்தில் ஒட்டும். பி-67 இளகும் வெப்பம் 50 டிகிரி அளவில் இருப்பதால் மேல்பூச்சுக்கு அதை வைப்பது இங்கே இரட்டை லாபம்.

நகப்பூச்சு போதுமே என்று சொல்வார்கள். அது மஞ்சளாகும், உரியும், உரியும்போது எண்ணையும் கொண்டுபோகும். ஒயிட்னரும் அப்படியே. கறுப்புப் பொருளில் எழுத வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றால் பி-72இல் வெள்ளை நிறமி கலந்து தடவலாம்.

அசிட்டோன் படக் கூடாத பொருள்கள் எங்கள் அறையில்தான் அதிகம். பிளாஸ்டிக் ஸ்டிரைக்கர், ஃபைபர் மிதவை, பெயின்ட் அடித்த போர்டு எதன் மேலும் அது படக் கூடாது. இளக்கிவிடும் அல்லது பெயின்டை எடுத்துவிடும். தோல் கையுறையும் உப்பேறிய கட்டுமர மரமும் பூச்சை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. இவற்றுக்கெல்லாம் கட்டுகிற டேக். கையுறைக்கு அதன் லேஸ் துளையிலேயே பருத்தி நூலைக் கோத்துவிடலாம். இடியப்ப நாயக்கர் குத்துச்சண்டைப் பரம்பரையில் ஆடியவரின் கையுறை என்று ஒன்று வந்தால் அதன் தோலைத் தொடாமலேயே எண் போட்டுவிட முடியும். கம்பியில் கட்ட வேண்டாம், ஸ்டேபிளர் வேண்டாம், குண்டூசி வேண்டாம். கடல் காற்றில் இரும்பு எதுவும் ஒரு மழைக்காலத்துக்குள் துருக்கறை விட்டுவிடும். ரப்பர் பேண்டும் செல்லோடேப்பும் வெயிலில் உருகிக் காகிதத்தோடு ஒன்றாகிவிடும் என்பதை நம் வீட்டுப் பழைய ரேஷன் கார்டுகளே சொல்லும்.

துணிக்குச் செய்வது எளிது, செய்து பார்த்தால் பிடித்துப்போகும் வேலை. பாவாடை நாடா கடையில் சாயம் போடாத வெள்ளைப் பருத்தி நாடா வாங்கி, கஞ்சி போகும்வரை அலசிக் காயவைக்க வேண்டும். விரல் நீளத் துண்டில் நிறமி மையால் எண்ணை எழுதி, தண்ணீரில் நனைத்துத் துடைத்துப் பார்த்து, மை ஓடவில்லை என்றால் காக்கித் துணியின் மடிப்பு ஓரத்தில் மெல்லிய ஊசியால் இரு முனையிலும் ஓரிரு தையல். இழைகளுக்கு நடுவே ஊசி போக வேண்டும், இழையைத் துளைக்கக் கூடாது. துணி நைந்திருந்தால் தையலும் வேண்டாம்; சுற்றி வைக்கும் மல் துணியில் தைத்துவிடலாம்.

காகிதத்துக்கு மென்மையான பென்சில். பின்பக்கம், கீழ் மூலை, அழுத்தாமல். பால்பாயின்ட் மறுபக்கம் தழும்பாகத் தெரியும். பளபளப்பான புது வகை போட்டோக்களின் பின்புறம் பென்சில் பிடிக்காது, அவற்றுக்குக் கவரில் எழுதுவதே மேல். டோக்கன், நாணயம் மாதிரியான குட்டிப் பொருளுக்கும் கவர்தான். நீளமான எண்ணுக்கு இடமில்லை என்று சொன்னேனே, அதற்கு வழி இது. கூடவே நெருக்கத்தில் எடுத்த ஒரு போட்டோ வேண்டும், ஏனென்றால் கவரிலிருந்து வெளியே வந்தால் அந்த டோக்கனை அடையாளம் காட்டுவது அதன் மேல் குத்தியிருக்கும் பழைய எண்ணும் கீறலும்தான்.

எங்கே போடுவது என்பதிலும் ஒரே ஒழுங்கு வேண்டும். காட்சிக்கு வைத்தால் தெரியக் கூடாது, தேடினால் திருப்பாமல் கிடைக்க வேண்டும். உட்காரும் அடிப்பகுதி வேண்டாம், தேய்ந்துவிடும்.

ரிஜிஸ்டர், எக்செல், மென்பொருள்

இதில் நான் அதிகம் யோசிக்கவில்லை. கட்டிய பெரிய நோட்டு ஒன்று, பக்க எண் போட்டது. எண், வந்த தேதி, யாரிடமிருந்து, கொடையா விலையா, இரண்டு வரி விவரம். தப்பு வந்தால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் திருத்தி, கையெழுத்தும் தேதியும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, நீக்கிய பொருளின் எண்ணை வேறு பொருளுக்குத் தரக் கூடாது. பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போகும் பொருள்கள், இரவல் பொருள்கள் இதில் ஏறவே கூடாது. அவற்றுக்குத் தனி நோட்டு, தற்காலிக எண், திருப்பித் தர வேண்டிய தேதி. கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நிரந்தர எண்.

விரிவான விவரத்துக்கு எக்செல் அல்லது கூகுள் ஷீட். என்னென்ன கட்டங்கள் என்று குழம்பத் தேவையில்லை. திருட்டுப் போன கலைப்பொருளை அடையாளம் காட்டுவதற்காக 1997இல் கெட்டி நிறுவனம் வெளியிட்ட ஆப்ஜெக்ட் ஐடி என்ற பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பொருளின் வகை, செய்பொருளும் செய்முறையும், அளவு, பொறிப்பு, தனி அடையாளம், தலைப்பு, படத்தில் இருப்பது, காலம், செய்தவர். இவற்றோடு போட்டோ. இத்துடன் ‘இப்போது இருக்கும் இடம்’ என்று ஒரு கட்டம் கட்டாயம். ஷீட்டில் ஒரே ஆபத்து, ஒரு கட்ட வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிடுவது; எண்கள் ஒரு பக்கம், விவரங்கள் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். மாதம் ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்து வைத்தால் திரும்பி வரலாம். வெளியாருக்குக் காட்டும் பிரதியில் கொடுத்தவரின் முகவரியும் செல் நம்பரும் இருக்கக் கூடாது.

மென்பொருள் வேண்டுமா? மத்திய அரசின் பெரிய அருங்காட்சியகங்களுக்காகப் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் புனேயில் உருவாக்கியது ஜதன். இலவசமாகக் கிடைக்கும் கலெக்டிவ்ஆக்சஸ் நல்லது, ஆனால் அதை ஏற்றி நடத்த சர்வர் வேண்டும், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால் சேகரிப்பே பூட்டிக்கொள்ளும். சில நூறு பொருளுக்கு ஷீட் போதும்.

நோட்டு எதற்கு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் கரண்ட். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்தில் எத்தனை தெருக்கள் தண்ணீரில் நின்றன, எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவசரத்தில் பொருள்களைத் தூக்கி மேலே ஏற்றும்போது நோட்டு கையில் இருந்தால் சரிபார்க்கலாம். நோட்டும் நனையலாம் என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்து, வேறொரு பேட்டையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். ஜெல் பேனாவில் எழுத வேண்டாம். டேக்குகளை அச்சடிப்பதாக இருந்தால் இங்க்ஜெட் வேண்டாம், லேசர் பிரின்டர்; முந்தையது ஒரு வாளித் தண்ணீரில் கரைந்துவிடும்.

கடைசியாக க்யூஆர். தடை ஒன்றும் இல்லை, ஆனால் பொருளின் மேல் ஒட்டக் கூடாது, ஸ்டிக்கர் பசை பொருளில் தங்கிவிடும். பெட்டியிலும் ரேக்கிலும் ஒட்டலாம். பக்கத்திலேயே எண் கண்ணால் படிக்கும்படி அச்சாகியிருக்க வேண்டும், எல்லா நேரமும் செல்போனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. க்யூஆர் கோடுக்குள் ஷீட்டின் லிங்கை வைக்காமல் ப2025.04.017 என்ற எண்ணையே வைத்துவிட்டால், நாளைக்கு ஷீட்டை வேறு இடத்துக்கு மாற்றினாலும் ஸ்டிக்கரைக் கிழித்து மறுபடி ஒட்ட வேண்டிய வேலை இருக்காது.